மலாக்காவில் இரு நாள் நடைப்பயணம்



பள்ளி விடுமுறையில் நானும் என் கணவரும் மலாக்காவில் இரண்டு நாள் தங்கி வந்தோம். மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு நான் அவ்வூருக்குக் கல்விச் சுற்றுலா சென்றது எத்தனையோ முறை. அப்போதெல்லாம் தலைகளை எண்ணுவதிலேயே பொழுது போய்விடும். ஊரைப் பார்த்ததாக நினைவில்லை. ஆகவே இம்முறை மகிழுந்தை விடுதியிலேயே நிறுத்திவிட்டு எங்கும் நடந்தே செல்வது என்று முடிவெடுத்தோம். கணவருக்கு முழங்கால் வலி உண்டு. இருந்தும் ஒப்புக்கொண்டார்.

முதல் நாள் காலை ஏழரை மணிக்கெல்லாம் டச்சுச் சதுக்கத்தில் நின்றோம். பூக்களையும் பொம்மைகளையும் சுமந்துகொண்டு பாட்டு அலறும் திரிஷாக்கள் இன்னும் வந்து சேரவில்லை. ஸ்டாட்ஹைஸ் எனப்படும் ஆளுநர் மாளிகை 1650-ஆம் ஆண்டையொட்டி எழுந்தது. பக்கத்திலுள்ள கிறிஸ்து தேவாலயம் 1741-இல் தொடங்கி 1753-இல் கட்டி முடிக்கப்பட்டது. எல்லாரும் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் அந்தச் செந்நிறம் டச்சுக்காரர் தந்ததன்று. அவர்கள் காலத்தில் மாளிகை வெண்ணிறமாய் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில்தான் சிவப்பேறியது. இதை நான் பல ஆண்டுகள் மாணவர்களிடம் தவறாகச் சொல்லியிருக்கிறேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சதுக்கத்தின் பின்புறப் படிகள் செயின்ட் பால் குன்றுக்கு ஏறுகின்றன. படிகளில் இருமுறை உட்கார்ந்து இளைப்பாறிய பின்னரே உச்சியை அடைந்தோம். மலாக்கா சுல்தான்களின் அரண்மனை இக்குன்றைச் சார்ந்து இருந்ததாகக் கூறுவர். இன்று அங்கே நிற்பது கூரையற்ற ஒரு தேவாலயம். 1521-இல் போர்த்துகீசியர் ஒருவர் கட்டிய சிற்றாலயம் அது. பின்னர் இயேசு சபையாரின் கைக்குச் சென்றது. புனித பிரான்சிஸ் சேவியர் பலமுறை வந்து தங்கிய இடம். 1552-இல் சீனக் கரையோரத் தீவொன்றில் அவர் மறைந்தபின், அவரது உடல் 1553-இல் இங்கே சில மாதங்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்து, பின்னரே கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1641-இல் ஊரைக் கைப்பற்றிய டச்சுக்காரர் சீர்திருத்த சபையினர். சில காலம் இவ்வாலயத்தில் தங்கள் முறைப்படி வழிபட்டனர். கீழே புதிய தேவாலயம் எழுந்ததும் இதைக் கல்லறையாக்கிக்கொண்டனர். சுவர்களில் சாய்த்து வைக்கப்பட்டுள்ள ஆளுயரக் கல்லறைக் கற்களில் கப்பல்களும் மண்டையோடுகளும் குலச் சின்னங்களும் செதுக்கப்பட்டுள்ளன.

குன்றின் மறுபக்கம் இறங்கினால் சந்தியாகு வாயில். ஏ ஃபமோசா கோட்டையில் எஞ்சியது என்று பாடநூலில் பார்த்துப் பழகிய அதே வாயில். பிள்ளைகள் இதை நேரில் பார்க்கும்போது, "இவ்வளவுதானா டீச்சர்?" என்று ஏமாற்றத்துடன் கேட்பார்கள். என் கணவரும் அதையேதான் கேட்டார்.

இவ்வளவுதான் என்று ஆனதற்கு ஒரு கதை உண்டு. 1511-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அல்போன்சோ டி அல்புகர்க் மலாக்காவைப் பிடித்தார். உடனே கோட்டை கட்டும் வேலை தொடங்கியது. கல்லுக்கு எங்கே போவது? பள்ளிவாசலின் கற்களும் சுல்தான்களின் கல்லறைக் கற்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. ஒரு நூற்றாண்டு ஆண்ட மன்னர்களின் சமாதிகள் அந்நியரின் மதிலாயின. அடுத்து வந்த டச்சுக்காரர் மதிலை இடிக்கவில்லை, செப்பனிட்டுத் தமதாக்கிக்கொண்டனர். வாயிலின் மேலே இன்றும் தெரியும் சின்னமும் 1670 என்னும் ஆண்டும் அவர்கள் பொறித்தவை. போர்த்துகீசியக் கோட்டை என்று நாம் காட்டும் வாயிலின் நெற்றியில் இருப்பது டச்சு முத்திரை.

இடித்தவர்கள் ஆங்கிலேயர். 1795-இல் மலாக்கா அவர்கள் வசம் வந்தது. ஐரோப்பியப் போர் முடிந்ததும் ஊரை டச்சுக்காரரிடம் திருப்பித் தரவேண்டியிருக்கும். அப்போது வலுவான கோட்டையோடு தருவானேன் என்பது அவர்கள் கணக்கு. மக்களையும் வணிகத்தையும் பினாங்குக்கு மாற்றிவிடலாம் என்றும் எண்ணினர். 1807-இல் வில்லியம் ஃபர்குவாரின் மேற்பார்வையில் மதிலின் அடியில் வெடிமருந்து வைத்துத் தகர்த்தனர். அடுத்த ஆண்டு மலாக்காவுக்கு வந்த ராஃபிள்ஸ், இவ்வூரைக் கைவிடலாகாது என்று மேலிடத்துக்கு எழுதினார். வாயில் தப்பியது அவரால் என்பது வழிவழிச் செய்தி.

அந்த வெடிப்பைக் கண்ணால் கண்டு பின்னாளில் எழுதி வைத்தவர் ஒருவர் உண்டு. அப்போது அவர் பதினொரு வயதுச் சிறுவன். கோட்டையில் பேய்கள் குடியிருப்பதாக நம்பிய ஊரார் அதைத் தொடவே அஞ்சியதையும், யானையளவு கற்கள் வானில் எழுந்து கடலில் வீழ்ந்ததையும் அவர் விவரித்திருக்கிறார். அவர்தாம் முன்ஷி அப்துல்லா. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று நம் நாட்டில் போற்றப்படுபவர். அவரைப் பற்றி மேலும் சொல்லத்தான் இக்கட்டுரையையே எழுதத் தொடங்கினேன். ஆனால் ஆற்றைக் கடந்த பிறகு சொல்வதே பொருத்தம்.

கோட்டை வாயிலிலிருந்து ஆற்றங்கரைக்கு வந்தால் மிடல்பர்க் கொத்தளத்தைக் காணலாம். 2006-இல் சுழல்கோபுரம் ஒன்றுக்காக நிலத்தைத் தோண்டியபோது பழைய மதிலின் அடித்தளம் வெளிப்பட்டது. கோபுரத்தை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுக் கொத்தளத்தை மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். புதுக்கல் பளபளக்கிறது. எனக்கு மனம் ஒட்டவில்லை.

பாலத்தின் நடுவில் சற்றே நின்றோம். 1511 போரின் முடிவைத் தீர்மானித்தது இவ்வாற்றின் மேலிருந்த பாலம்தான். அதைப் பிடித்தவர் ஊரை இரண்டாகப் பிளக்க முடிந்தது: ஒருபுறம் அரசனின் குன்று, மறுபுறம் வணிகரின் உப்பே. அங்கே எத்தனை நாட்டு வணிகர் இருந்தனர் என்பதைப் போர்த்துகீசியரான தொமே பிரெஸ் எழுதி வைத்திருக்கிறார். 1512 முதல் சில ஆண்டுகள் இங்கிருந்த அவர், மலாக்காவில் எண்பத்து நான்கு மொழிகள் பேசப்பட்டதாகக் கூறுகிறார். எண்ணிப் பார்த்தாரா, கேட்டு எழுதினாரா, நாமறியோம். ஆயினும் சுல்தான்கள் காலத்தில் அயல்நாட்டு வணிகரைக் கவனிக்க நான்கு ஷாபண்டார்கள் இருந்தனர் என்பதே அந்தச் சந்தையின் அளவைக் காட்டிவிடும். குஜராத்தியருக்கு ஒருவர், தமிழகக் கரை, வங்காளம், பெகு, பாசாய் ஆகிய இடங்களிலிருந்து வந்தோருக்கு ஒருவர், ஜாவா முதலிய தீவுகளுக்கு ஒருவர், சீனருக்கும் சம்பா நாட்டாருக்கும் ஒருவர்.

தமிழ் வணிகர்கள் சரக்கை விற்றுவிட்டுப் போனவர்களாக மட்டும் இருக்கவில்லை. அரண்மனை அரசியலிலும் அவர்கள் கை இருந்தது. செஜாரா மெலாயுவில் வரும் ராஜா மெண்டெலியார் என்னும் பெயரில் 'முதலியார்' ஒளிந்திருப்பதை நம் காது கண்டுபிடித்துவிடும். அவருக்கும் நைனா சூரா டேவானா என்னும் மற்றொரு பெருவணிகருக்கும் மூண்ட வழக்கு, 1510-இல் பெண்டஹாரா துன் முத்தாஹிர் கொல்லப்படுவதில் போய் முடிந்ததாக அந்நூல் சொல்கிறது. மறு ஆண்டே போர்த்துகீசியர் வந்துவிட்டனர்.

வந்தவர்களுக்குத் துணை நின்றவரும் ஒரு தமிழ் வணிகர்தான். போர்த்துகீசிய ஏடுகள் அவரை நீனா சாட்டு என்கின்றன. நைனா செட்டி என்பதன் திரிபாகலாம். 1509-இல் சிறைப்பட்ட போர்த்துகீசியருக்கு மறைவாக உதவினார். அதற்குக் கைம்மாறாக அல்புகர்க் அவரையே பெண்டஹாரா ஆக்கினார். 1514-இல் அப்பதவியைப் பறித்துக் கம்பார் மன்னருக்குத் தந்தபோது, அவமானம் பொறாமல் தீயில் இறங்கி மாண்டார் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். இக்கதையை வகுப்பில் ஒருமுறை சொன்னேன். "டீச்சர், அவர் நல்லவரா, கெட்டவரா?" என்று ஒரு மாணவி கேட்டாள். மணி அடித்துவிட்டது என்று தப்பித்துக்கொண்டேன். இன்றும் என்னிடம் விடையில்லை.

ஆற்றின் மேற்குக் கரையில் மலாக்காவின் பழைய வீதிகள் தம் தொழிற்பெயர்களோடு இருக்கின்றன. ஜாலான் துக்காங் பெசி கொல்லர் தெரு. ஜாலான் துக்காங் எமாஸ் பொற்கொல்லர் தெரு. மலாக்காவிலேயே பிறந்த கொதின்ஹோ டி எரேடியா 1613-இல் எழுதிய நூலில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோர் குடியிருந்த கம்போங் கெலிங் இப்பகுதியில் குறிக்கப்பட்டுள்ளது. கெலிங் என்பது கலிங்கத்திலிருந்து வந்த பெயர் என்பர். அந்நாளில் அது வசைச் சொல்லன்று. இன்று அச்சொல்லால் அழைக்கப்பட்டால் நம்மவர் முகம் சுருங்குகிறது.

பொற்கொல்லர் தெருவில் ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி கோயில் உள்ளது. டச்சு அரசு தைவநாயகம் செட்டி என்பாருக்கு அளித்த நிலத்தில் 1781-இல் எழுந்தது. இன்றும் வழிபாடு நடக்கும் கோயில்களுள் நாட்டில் மிகப் பழைமையானது இதுவே என்பர். தமிழ்நாட்டுக் கோபுரத்தை எதிர்பார்த்து வருவோர் ஏமாறுவர். ஓட்டுக்கூரையும் தாழ்ந்த முகப்பும் டச்சுக் காலத்து வீட்டை நினைவூட்டுகின்றன. சில அடி நடந்தால் கம்போங் கெலிங் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம்கள் 1748-இல் மரத்தால் கட்டியது. 1872-இல் செங்கல்லால் புதுப்பிக்கப்பட்டது. கூம்பி உயரும் மூன்றடுக்குக் கூரை சுமத்திராவை நினைவூட்டும். மினாராவோ சீனப் பகோடாவைப் போல நிற்கும். அதற்கும் அப்பால் செங் ஹூன் தெங் கோயிலின் ஊதுவத்திப் புகை. இதை நல்லிணக்க வீதி என்று சுற்றுலாத் துறையினர் அழைக்கின்றனர். நல்லிணக்கம் இருந்திருக்கலாம், முதலில் இருந்தது வணிகம் என்பது என் எண்ணம். ஒரே சந்தையில் கடன் கொடுத்து வாங்குபவர்கள் பக்கத்துப் பக்கத்தில்தானே வீடு கட்டுவார்கள்?

வெயில் ஏறிவிட்டது. ஒரு கடையில் செண்டோல் வாங்கிக்கொண்டு நிழலில் அமர்ந்தோம். அப்போதுதான் அப்துல்லாவின் கதையைக் கணவருக்குச் சொன்னேன்.

அப்துல்லா 1796-இல் மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தார். அவருடைய பாட்டனாரின் தந்தை ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து மணம் முடித்துக்கொண்ட அராபியர். மகன்கள் கிழக்கே கப்பலேறினர்; அவர்களுள் ஒருவர் மலாக்காவில் தங்கி, பெரி ஆச்சி என்னும் பெண்ணை மணந்தார். பெரி ஆச்சி, மீரா லெப்பையின் மகள். பெயர்களே எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. அப்துல்லா சிறுவனாயிருந்தபோது அவருடைய தந்தை அவரைத் தமிழ் ஆசிரியர் ஒருவரிடம் அனுப்பினார். இரண்டரை ஆண்டு கற்றதாக அப்துல்லாவே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்நூலை 1840-களின் தொடக்கத்தில் எழுதினார். 1849-இல் சிங்கப்பூரில் அச்சாயிற்று. மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கம் என்கிறார். காரணமும் சொல்கிறார்: கணக்கெழுதவும், ஊர் நிறைய இருந்த தமிழ் வணிகரோடு பேசவும் அது தேவைப்பட்டதாம்.

"கணக்குக்குத் தமிழா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் என் கணவர். அவர் தொழிலே கணக்கு எழுதுவது. இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரு பேரேட்டைக்கூடத் தமிழில் கண்டதில்லை. சற்றுநேரம் செண்டோலைக் கலக்கிக்கொண்டிருந்துவிட்டு, "அப்படின்னா, மோடால்னு தினமும் எழுதுறேனே, அது நம்ம முதல்தானா?" என்றார். ஆம், முதல்தான். கெடாய் என்பது கடை, காப்பால் கப்பல், பெத்தி பெட்டி, காத்தில் கட்டில். மலாய் மொழி நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட சொற்களில் வாணிகத்தின் வாடை வீசுவதை அப்துல்லாவின் தந்தையே விளக்கிவிட்டார்.

வாசகர்களே, இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். ஒவ்வோர் ஆண்டும் முதலாம் ஆண்டுப் பதிவின்போது பெற்றோர் சிலர் என் எதிரில் அமர்ந்து, "தமிழ் படிச்சா என்ன கிடைக்கும், டீச்சர்?" என்று கேட்கின்றனர். பண்பாடு, அடையாளம், தாய்மொழி என்று நானும் சொல்லத் தெரிந்ததைச் சொல்கிறேன். இருநூறாண்டுகளுக்கு முன் இதே நாட்டில் ஒரு தந்தை, பணம் கொடுத்துத் தமிழ் கற்பிக்க மகனை அனுப்பினார். பண்பாட்டுக்காக அனுப்பவில்லை. பிழைப்புக்காக அனுப்பினார். கப்பல்கள் தடம் மாறி, 1824 ஒப்பந்தத்தால் மலாக்கா ஆங்கிலேயர்க்கே உரியதாகி, வணிகம் சிங்கப்பூருக்குப் போனபின் அந்த வழக்கமும் போயிற்று.

மறுநாள் காலை காஜா பெராங்கை நோக்கி நடந்தோம். பழைய நகரிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். அங்குதான் கம்போங் சிட்டி இருக்கிறது. சுல்தான் காலத்து வணிகர்களின் வழிவந்தோர் வாழும் சிற்றூர். அவர்கள் மனைவியரோடு கப்பலேறி வந்தவர்களல்லர். மலாய், ஜாவா, சீன மகளிரை இங்கேயே மணந்தனர். தந்தையின் தெய்வமும் சாதிப் பட்டமும் பிள்ளைகளுக்கு வந்தன. மொழி மட்டும் தாயிடமிருந்து வந்தது. போர்த்துகீசியரும் அவர்களுக்குப்பின் டச்சுக்காரரும் வணிகத்தைத் தம் கைக்குள் கொண்டுவந்தபோது, தமிழகக் கரையோடு இருந்த தொடர்பும் நைந்தது. அவர்கள் ஊர்ப்புறம் வந்து நிலத்தை உழுதனர். இன்று பிள்ளை, நாயக்கர், படையாட்சி என்னும் பட்டப்பெயர்களோடு மலாய் பேசுகின்றனர், முத்துமாரியம்மனை வழிபடுகின்றனர். அக்கோயில் 1822-இல் அமைந்தது. அம்மன் திருவிழாவுக்கு அவர்கள் வழங்கும் பெயர் டத்தோ சாச்சார். சாச்சார் என்றால் அம்மை. பெயர் மலாய், நம்பிக்கை தமிழ்.

ஒரு வீட்டு வாசலில் சாரோங்கும் கெபாயாவும் அணிந்து, நெற்றியில் திருநீறு துலங்க மூதாட்டி ஒருவர் பூ தொடுத்துக்கொண்டிருந்தார். நான் தமிழில் வணக்கம் சொன்னேன். அவரும் கைகூப்பி வணக்கம் என்றார். அடுத்த சொல்லிலிருந்து மலாய்க்கு மாறிவிட்டோம். "எனக்குத் தமிழ் பேச வராது. கோயிலில் ஐயர் சொல்வது காதுக்குப் பழக்கம், அவ்வளவுதான்" என்றார். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்று அறிந்ததும் உள்ளே அழைத்துத் தேநீர் தந்தார். பொங்கலுக்கு முதல் நாள் போகிப் பர்ச்சு. ஆண்டின் நடுவே பழங்கள் பழுக்கும் காலத்தில் பழப் பர்ச்சு. முன்னோருக்கு வாழையிலையில் படைத்து, அவர்கள் வந்து உண்ணட்டும் என்று காத்திருக்கும் வழிபாடு அது. நம்மில் எத்தனை வீடுகளில் இன்று இதைத் தவறாமல் செய்கிறோம் என்று எண்ணிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் மாமியார் மறைந்தபின் விட்டுப்போயிற்று.

எழுந்தபோது மூதாட்டி, "கொஞ்சம் இருங்கள், நீங்கள் படிப்பீர்களல்லவா?" என்று சொல்லிவிட்டு, பூசை மாடத்திலிருந்து பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றை இரு கைகளாலும் தூக்கிவந்தார். அடித்தட்டில் எழுத்து வெட்டியிருந்தது. தமிழ் எழுத்துதான். வீட்டில் அதைப் படித்துச் சொல்ல ஒருவருமில்லையாம். விளக்கைச் செய்துவைத்த முன்னோரின் பெயர் என்று அவருடைய மாமியார் சொல்லியிருந்தாராம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சன்னலோரம் கொண்டுசென்று பார்த்தேன். கணவர் கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தார். கடைசி மூன்று எழுத்துகள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன: பிள்ளை. அதற்கு முன்னால் ஐந்தாறு எழுத்துகள் இருந்த இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. விரலால் தடவியும் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

"ஒவ்வொரு பர்ச்சுவுக்கும் புளி போட்டுத் துலக்குவோம்" என்றார் அவர். "என் மாமியார் துலக்கினார், அவருடைய மாமியார் துலக்கினார்."

பிள்ளை என்று படித்துக் காட்டினேன். அது தமக்குத் தெரிந்ததுதான் என்று சிரித்துவிட்டு, விளக்கை வாங்கி மாடத்தில் வைத்தார்.